நல்ல கால்

மாடு உள்ளே போகமாட்டேன் என்று நிற்கிறது. நிற்கட்டும், நல்லா நிற்கட்டும் என்று நாச்சிமுத்து மனசுக்குள் சொல்லிக்கொண்டார். நீ நல்லா இருப்ப தாயி, இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே பிடிவாதம் பண்ணு, அவசரம் ஒண்ணும் இல்லை, பொழுதே இன்னும் முழுசா விடியலை. வடவள்ளிப் பக்கம் மகள் வாணி கட்டியிருக்கிற புது வீட்டு வாசலில், பந்தல் காலை ஒட்டிப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். எதிரே மருதமலை மேல் விளக்கு இன்னும் அணையவில்லை. வாழைமரம் கட்டியாச்சு, மாவிலை கட்டியாச்சு, ஐயர் ரெண்டு தடவை தொண்டையைச் செருமியாச்சு, நேரம் நெருங்குது என்று அர்த்தம். வேலையாக யார் போய் வந்தாலும் சடங்குப்படி முதலில் பசு போகணும், பின்னால் கன்று போகணும், அதுக்குப் பின்னால் வாணியும் மாப்பிள்ளையும் போகணும். உள்ளே போனதும் அவள் நிலைவாசலில் திரும்பி நின்று, "அப்பா, வாங்க" என்று கூப்பிடுவாள். நாச்சிமுத்து எழுந்து, நடந்து, மூணு படி ஏறி, வலது காலை எடுத்து வைத்து நிலைப்படியைத் தாண்டணும். அவர் உள்ளே வந்தால்தான் பால் காய்ச்சுவது. ஏற்பாடு இதுதான். இதில் ஒரே ஒரு சிக்கல், வலது கால் போன ஆடி மாசமே போய்விட்டது. முழங்காலுக்குக் கீழே இப்போது இருப்பது பிளாஸ்டிக்கும் கம்பியும் ஒரு ரப்பர் பாதமும். அந்தப் பாதத்துக்கு ஐந்து விரலும் செதுக்கியிருக்கிறான் புண்ணியவான், நகம் வரைக்கும். வெட்ட வேண்டியதில்லை, வளராது. அதுவும் ஒரு சௌகரியம்தான்.

"ஹை, வா சாமி, வா என்ர தங்கம்," மாட்டுக்காரர் கயிற்றை இழுத்தார், தட்டினார், கொஞ்சினார். படி மேல் பலகை போட்டு, அதன் மேல் சாக்கு விரித்திருந்தது. மாடு சாக்கை மோந்து பார்த்தது, மேலே பார்த்தது, நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றது. "புது டைல்ஸுங்க. மினுமினுன்னு இருக்குதா, தண்ணின்னு நெனச்சுக்குதுங்க," என்று அவர் எல்லாருக்கும் பொதுவாகச் சமாதானம் சொன்னார். நெனச்சுக்கும், நெனச்சுக்காம என்ன பண்ணும் என்று நாச்சிமுத்து மாட்டின் கட்சியில் சேர்ந்துகொண்டார். நாலு கால் வச்சிருக்கிற உனக்கே இத்தனை யோசனைன்னா எனக்கு எத்தனை இருக்கணும் பாரு. "பார்த்தீங்களாண்ணா," என்று காதோரம் குனிந்தான் ஜமால், "டிரைவர் ஏறாம வண்டி நகராதாமா." ஜமால் டவுன் பஸ்ஸில் அவரோடு கண்டக்டராக இருந்தவன். காந்திபுரத்திலிருந்து இந்த வடவள்ளி ரூட்டில்தான் ரெண்டு பேரும் பாதி ஆயுசைக் கழித்தார்கள். அவன் தகரத்தை ரெண்டு தட்டுத் தட்டி, "போலாம், ரைட்" என்று சொல்லாமல் நாச்சிமுத்து ஒரு நாளும் கிளட்சை விட்டதில்லை. மாப்பிள்ளை தினகரன் வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். "மாமா, மாடு பண்ற கூத்துல நேரம் ஆகுதுங்க. நீங்க சிரமப்பட வேண்டாம், வேணும்னா சேரோட தூக்கிடலாமுங்க, நாலு பேர் இருக்கோம்." "சேரோட தூக்க நான் என்ன உற்சவ மூர்த்தியா மாப்ள? அப்படியே இன்னும் ரெண்டு மேளமும் சொல்லுங்க," என்றார் நாச்சிமுத்து. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். சிரிப்பு வெளியே ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஒண்ணு நின்றுபோனது. நாலு பேர் தூக்குகிற நாள் ஒண்ணு இருக்குதே, அன்னிக்குத் தூக்கட்டும், அன்னிக்கு நான் வேண்டாம்னா சொல்லப்போறேன்? இன்னிக்கு வேண்டாம். சேச்சே, நல்ல நாளும் அதுவுமா என்ன நினைப்பு இது. மாட்டைப் பார், மாட்டைப் பார் என்று மனசைத் திருப்பி விட்டார்.

கேரளத்துப் பிசியோதெரபிப் பொண்ணு ஒருத்திதான் முதலில் இந்தக் குழப்பத்தை உண்டாக்கினவள். புதுக் கால் மாட்டிப் பழகுகிற நாள் அது, ரெண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளக் கம்பி, எதிரே மரத்தில் ஒரு படி. "அங்கிள், நல்ல காலை எடுத்து வையுங்க," என்றாள். நாச்சிமுத்து ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. நல்ல கால் என்றால் வலது கால், பிறந்ததிலிருந்து அப்படித்தானே? கல்யாண வீடு, கோயில், புது வண்டி, எதுக்கும் அதுதானே முன்னால் போகும்? தூக்கி வைத்தார். ரப்பர் பாதம் படியின் விளிம்பில் மோத, ஆள் அப்படியே சாய, நல்ல வேளை அந்தப் பொண்ணு நல்ல திடகாத்திரம், தோள் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். "அங்கிள்! நல்ல கால்னு சொன்னேனே!" "நல்ல காலைத்தானே அம்மிணி வச்சேன்." "ஐயோ, இது இல்ல, இடதுதான் நல்ல கால். அது கெட்ட..." என்று ஆரம்பித்து, அவளே நாக்கைக் கடித்துக்கொண்டு, "அது புதுக் கால்," என்று முடித்தாள். ஏறும்போது நல்ல கால் முன்னாடி, இறங்கும்போது புதுக் கால் முன்னாடி, மாத்தினால் விழுவீங்க என்று வாய்ப்பாடு மாதிரிச் சொல்லச் சொல்லி மனப்பாடம் பண்ண வைத்தாள். வீடு வந்து சேரும் வரைக்கும் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அடப்பாவி, இந்த வயசுல இடது காலுக்குப் புரமோஷன்! என்ன மரியாதை இருந்தது அதுக்கு இத்தனை நாள்? சண்டை வந்தால் என்ர இடது கால் செருப்புக்கு நீ ஆவியா என்று கேட்பார்கள். செருப்புக்கே அந்தக் கதி என்றால் காலுக்கு என்ன கதி? மாத்திரைச் சீட்டில் டாக்டர் எழுதினபடி இப்போது அதுக்குத்தான் ராஜ உபசாரம், காலையில் ஒரு தடவை ராத்திரி ஒரு தடவை துடைத்து, கிரீம் தடவி, வாணி வந்தாள் என்றால் கண்ணாடியைக் கீழே பிடித்துப் பாதத்தைப் பார்ப்பாள், சின்னக் கீறல் இருந்தால் வீடே ரெண்டுபடும். சர்க்கரை ஒரு காலைச் சாப்பிட்டது, இன்னொண்ணையும் கேட்குமோ? கேட்கும், அதுக்கு என்ன வெட்கம். கேட்டால் கொடுக்கிறதில்லை என்றுதான் இத்தனை கிரீம்.

வண்டி ஓட்டின காலத்திலும் அப்படித்தான். வலது காலுக்கு ஆக்சிலேட்டர், வலது காலுக்கு பிரேக், ரெண்டு பெரிய உத்தியோகம். இடதுக்குக் கிளட்ச் ஒண்ணுதான். லாலி ரோட்டில் ஒரு நாள் ஒரு குழந்தை பந்தைத் துரத்திக்கொண்டு குறுக்கே வந்துவிட்டது. அவர் மிதித்த மிதியில் நின்ற ஆள் உட்கார, உட்கார்ந்த ஆள் எழுந்திருக்க, வண்டி அந்தக் குழந்தையின் மூக்குக்கு முன்னால் நின்றது. அந்தக் குழந்தையின் அம்மா ஓடி வந்து ஜன்னலுக்குக் கீழே நின்று கும்பிட்டாள். "உங்க காலுக்குத் தங்கத்துல செருப்புப் போடலாமுங்க," என்று ஒரு பெரியவர் சொன்னார். எந்தக் காலுக்கு? வலதுக்குத்தான், சந்தேகமென்ன. அதே விநாடியில் பக்கத்தில் இன்னொரு கால் கிளட்சை மிதித்ததே, அதை யாராவது கேட்டார்களா? டிராபிக்கில் ஒவ்வொரு அடிக்கும் மிதித்து மிதித்து ஆடுசதை கல்லாகப் போனதே? கேட்கவில்லை, அதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. இன்று காலையில் மாப்பிள்ளையின் காரில் வரும்போது முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வளைவுக்கும் இல்லாத வலது கால் பிரேக்கை மிதித்தது. பாதம் இல்லை, பிரேக்கும் இல்லை, ஆனால் மிதிக்கிறது சத்தியமாகத் தெரிகிறது, பெருவிரல் ரப்பரில் அழுந்துகிறது. "என்னுங்க மாமா, மெதுவாத்தானே போறேன்?" என்றார் மாப்பிள்ளை. "நீங்க போங்க மாப்ள, நானும் கூட ஓட்டிட்டு வர்றேன்," என்றார் இவர். போனது போனதாகவும் இல்லாமல், இருக்கிறது இருக்கிறதாகவும் இல்லாமல், இதைக் கால் என்பதா, கால் மாதிரி என்பதா? வலது காலை எடுத்து வைத்து வரச் சொன்னால் எதை வைப்பது, பிளாஸ்டிக்கையா, காரில் பிரேக் மிதித்த அதையா? ஐயரிடம் கேட்கலாம். ஐயர் பாவம், மாட்டுக்கே பதில் சொல்ல முடியாமல் நிற்கிறார்.

ஷெட்டில் வண்டியை விட்டு இறங்கும்போது ஸ்டியரிங்கைத் தட்டி, "தேங்க்ஸ்பா" என்று சொல்வது அவர் பழக்கம். ஜமால் கேலி பண்ணுவான், "அதுக்கு இங்கிலீஸ் தெரியுமாண்ணா?" என்று. தெரியாமல் என்ன, காலையில் ஒரே செல்ஃப்பில் ஸ்டார்ட் ஆகும் பாருங்க. நன்றி என்று மேடையில் சொல்லலாம், வண்டிகிட்டச் சொல்ல முடியுமா? ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் தனியாக இருந்தார், வீட்டுக்காரி துளசிமணி மாத்திரை வாங்கக் கீழே போயிருந்தாள். செருப்புக் கடித்த ஒரு சின்னப் புண், அவ்வளவுதான் ஆரம்பம், சரியாப் போகும் சரியாப் போகும் என்று விட்டதில் கறுத்துப்போய்க் கிடந்தது பாதம். நாற்றம் வேறு. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எத்தனை தூரம் ஓட்டின கால். துளசிமணி கழுத்தில் தாலி கட்டிவிட்டுச் சுற்றி வந்த கால். வாணி குழந்தையாக இருக்கும்போது அதன் மேல் ஏறி நின்றுகொண்டு, அப்பா நட, அப்பா நட என்பாள், அவளையும் தூக்கிக்கொண்டு கூடம் முழுக்க நடந்த பாதம். குனிந்து முழங்காலைத் தட்டினார். "தேங்க்ஸ்பா," என்றார். அப்புறம் போ என்று சொல்லணும். வாய் வரவில்லை. யாரையாவது போ என்று அனுப்பிப் பழக்கம் உண்டா நமக்கு? பால்காரனைக்கூடப் போய்ட்டு வா என்றுதானே சொல்கிறோம். "போய்ட்டு வா," என்றார். சொன்ன பிற்பாடு என்னடா சொன்னோம் என்று உணர்ந்து, சிரிப்பு வந்து, சிரிக்க ஆரம்பித்தது அழுகையாகி, துளசிமணி வருவதற்குள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சொன்ன சொல் தவறாமல் அது வந்தது பாருங்க. பத்தாவது நாள் இல்லாத பெருவிரல் அரித்தது. சொறியக் கையைக் கொண்டுபோனால் போர்வைதான் இருந்தது. வந்துட்டியா என்று கேட்டுக்கொண்டார்.

வந்து என்ன, வீடு காத்திருந்ததுதான் பெரிய விஷயம். தையிலேயே பெயிண்ட் அடித்து முடித்தாச்சு. தையில் நாள் குறிக்கலாம் என்று ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் சொன்னபோது வாணி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள், "எங்கப்பா நடந்து வரட்டும், அப்ப வெச்சுக்கலாம்." மாசி போச்சு, பங்குனி போச்சு, சித்திரை போச்சு, புது வீடு பூட்டிக் கிடந்தது, இவர் கம்பியைப் பிடித்து நடந்தார், கம்பியை விட்டு நடந்தார், தடியோடு நடந்தார். வைகாசியில் தடியில்லாமல் கூடத்திலிருந்து வாசல் வரைக்கும் நடந்த அன்றைக்கு வாணிக்குப் போனைப் போட்டு, "அம்மிணி, நாள் பாரு," என்றார். ஒரு வீட்டையே ஒருத்தி நமக்காகப் பூட்டி வைப்பாள் என்றால், இதுக்கு மேல் ஒரு மனுசனுக்கு என்ன வேணும்? கால் போனதால் வந்த வரவு இது, கால் இருந்திருந்தால் தெரிந்தே இருக்காது. "ஏனுங்க, காப்பி," என்று துளசிமணி வந்து நின்றாள். சர்க்கரை இல்லாத காப்பி, குடித்துக் குடித்து இப்போது அதுவே ருசி. அரக்குப் பட்டு, தலை நிறையப் பூ, காதோரம் மட்டும் நரை. "நீ என்ன அம்மிணி, பொண்ணு வீட்டுக்குக் குடிபோறியா, கல்யாணத்துக்குப் போறியா?" "சும்மா இருங்க, பக்கத்துல ஆளுக இருக்காங்க." அவள் குனிந்து அவர் வேட்டி ஓரத்தைச் சரி பண்ணுகிற மாதிரி இடது பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள், கல் கில் குத்தியிருக்கா என்று. இன்னிக்கு ஒரு நாள் வெறுங்காலோடு இருக்க அனுமதி வாங்கியிருந்தார். நிமிரும்போது, "பார்த்து," என்றாள். அவ்வளவுதான். வலது கால் என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? முந்தா நாள் வரைக்கும் வேலையே அதுதானே அவளுக்கு?

துளசிமணி வலது கால் கட்சியின் தலைவி. ஊருக்குப் புறப்படும்போது மறந்து இடது காலை வாசலுக்கு வெளியே வைத்தால், "உள்ள வாங்க, வந்துட்டு மறுபடியும் போங்க," என்பாள். டூட்டிக்கு நேரமாகுது என்று கத்தினாலும் விடமாட்டாள். அவள் வீட்டுக்குள் வந்த அன்றைக்கு அவர் அம்மா சொன்ன முதல் வார்த்தை, "வலது காலை எடுத்து வச்சு வா அம்மிணி." அதை அவள் முப்பது வருஷமாக இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீல்சேரில் வந்து இறங்கின அன்றைக்கு மட்டும் எந்தக் காலையும் சொல்லாமல் கதவைத் திறந்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதைப் பார்த்துத்தான் நாச்சிமுத்து முடிவு கட்டினார், வாணி வீட்டில் வலது காலைத்தான் வைக்கணும், பிளாஸ்டிக் என்றால் பிளாஸ்டிக், வலது பக்கம் இருப்பதுதானே வலது? பிசியோதெரபிப் பொண்ணுக்குச் சொல்லவில்லை, துளசிமணிக்கும் சொல்லவில்லை. அவள் கோயிலுக்குப் போகிற நேரமாகப் பார்த்து பொடக்காணிப் படியில், பின்பக்கம் துணி துவைக்கிற இடத்துப் படியில், தனியாகப் பழகினார். ரப்பர் பாதத்தை மேலே வைப்பது வரைக்கும் சரி. அதன் மேல் உடம்பின் பாரத்தைப் போட்டு ஏறும்போது முட்டி அந்தரத்தில் நிற்கும். மூணு நாள் சரியாக வந்தது. நாலாம் நாள் சோப்புத் தண்ணியோ என்னவோ, பாதம் வழுக்கி, சொம்பு உருண்டு, அவர் துவைக்கிற கல்லின் மேல் தோள் இடிக்க விழுந்தார். யாரும் பார்க்கவில்லை. வானம் தெரிந்தது, கொடியில் காய்கிற அவள் சேலை தெரிந்தது. அடி ஒண்ணும் பெரிசில்லை. எழுந்து நின்று, சொம்பை நசுங்கின பக்கம் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு, துளசிமணி திரும்பி வந்தபோது பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அந்த வழுக்கல்தான் இப்போது வயிற்றுக்குள் கிடக்கிறது. கல்லின் மேல் விழுந்தால் தோள்தான் வலிக்கும். நிலைப்படியில் விழுந்தால்? ஐயோ என்று கூட்டம் எழும், ஆரத்தித் தட்டு டைல்ஸில் உருளும், வாணியின் முகம்... நாளைக்கு அவளுக்குக் குழந்தை பிறந்து அதுக்கு ஒரு காய்ச்சல் வந்தால்கூட, மாப்பிள்ளைக்கு ஒரு டிரான்ஸ்பர் வந்தால்கூட, யாராவது ஒருத்தர் சொல்லுவார்கள், அன்னிக்கே அவங்கப்பா வாசல்ல விழுந்தாருல்ல. எனக்காகப் பூட்டி வைத்த வீட்டுக்கு நான் கொண்டுவருகிற சீர் அதுவா? இடதை வைத்தால் விழமாட்டேன், ஆனால் அதையும் சொல்லுவார்கள். எப்படியும் சொல்லுவார்கள் என்றால் எதை வைத்தால் என்ன? இல்லை, துளசிமணி இருக்கிறாளே. மாடே, நீ நில்லு.

கால் போன பிற்பாடு அவருக்கு ஒரு புது வியாதி, எல்லார் காலையும் பார்ப்பது. நாற்காலியில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே வருவது முகம் இல்லை, முழங்கால்தான். இந்தக் காலையில் மட்டும் எத்தனை பேர் அந்தப் படி ஏறினார்கள், அத்தனையும் பார்த்தார். சமையல்காரர் அண்டாவோடு இடது காலில் ஏறினார். வாணியின் சிநேகிதி, போன் பேசிக்கொண்டே, இடது. ஐயர் வலதில்தான் தொடங்கினார், ஹோமத்துக்கான சமித்துக் கட்டு நழுவியதும் ஒரு எட்டு பின்வாங்கி, மறுபடி வைத்தது இடது. ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை. கால் இரண்டும் இருக்கிறவனுக்கு எதை வைத்தோம் என்கிற கணக்கு எதுக்கு? அட, நான் மட்டும் என்ன? வண்டி ஏறும்போது எதை வைப்பேன்? அவர் நாற்காலிக்குள்ளேயே மனசால் ஒரு தடவை ஏறிப் பார்த்தார். டிரைவர் கதவு, கைப்பிடியைப் பிடித்து, கீழ்ப்படியில் ஊன்றுவது... இடது! இடது காலைத்தான் ஊன்றணும், அப்போதுதான் உடம்பு உள்ளே திரும்பும். நாள் தவறாமல் வீட்டிலிருந்து துளசிமணிக்காக வலது காலில் கிளம்பி, ஷெட்டில் இடது காலில்தான் ஏறியிருக்கிறேன்! ஒரு ஆள் மேல் வண்டி பட்டதில்லை, சாயங்காலம் வீடு வந்து சேராத நாள் இல்லை. தூக்கி விட்டது அதுதான், பேர் வாங்கினது இன்னொண்ணு. அவர் இதை ஜமாலிடம் சொல்ல வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்துப் பின்னால் பந்தலில் நாதஸ்வரக்காரர் சும்மா இருக்காமல் ஒரு பீப்பி விட, கன்று துள்ளி, மாட்டுக்கு முன்னால் பலகையில் ஓடி வீட்டுக்குள் போய்விட்டது. ம்மா என்று ஒரு குரல் உள்ளேயிருந்து. அவ்வளவுதான், டைல்ஸாவது தண்ணியாவது, மாடு கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு ஏறியது. நாச்சிமுத்து உன்னிப்பாகப் பார்த்தார். நிலைப்படியைத் தாண்டி அது முதலில் வைத்தது இடது முன்னங்கால். சத்தியமாக இடது. கூடத்து நடுவில் நின்று சாவகாசமாகச் சாணியும் போட்டது. "லட்சுமி வந்தாச்சு, லட்சுமி வந்தாச்சு!" என்று பெண்கள் குலவையிட்டார்கள், ஐயருக்கு முகமெல்லாம் பல், மாட்டுக்காரர் எங்க மாடா கொக்கா என்று நின்றார். நாச்சிமுத்துவுக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. தன் பிள்ளை உள்ளே இருந்து கூப்பிட்டால் எந்தக் காலென்று பார்க்குமா ஒரு தாய்?

"அப்பா, வாங்க." வாணி கூப்பிட்டுவிட்டாள். நிலைவாசலுக்கு உள்ளே அவளும் மாப்பிள்ளையும், அவள் கையில் பால் சொம்பு, பக்கத்தில் ஆரத்தித் தட்டோடு துளசிமணி. நாச்சிமுத்து எழுந்தார். எழுந்ததும் பந்தலுக்குள் பேச்சு நின்றது, ஐயோ ஏன் நிறுத்திட்டீங்க, பேசுங்க என்று சொல்லணும் போல இருந்தது. பலகையை எடுத்துவிட்டிருந்தார்கள். ஜமால் பின்னாலேயே வந்தான், தொடாமல், தொடுகிற தூரத்தில். ஏறும்போது நல்ல கால் முன்னாடி. இடது, கூட வலது. இடது, கூட வலது. கடைசிப் படியிலும் அப்படியே. மூச்சு வாங்கவில்லை, கை மட்டும் சுவரைத் தேடியது. இப்போது நிலைப்படி. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, தேக்கில் நல்ல உயரமாகப் போட்டிருக்கிறார்கள். கூட்டத்தில் யாரோ ஒரு அம்மா, வழக்கப்படி, "வலது காலை எடுத்து..." என்று தொடங்கி, சட்டென்று நிறுத்திக்கொண்டார். எல்லார் கண்ணும் ரப்பர் பாதத்துக்கு வந்தது. ஐந்து விரலும் நகமும் வைத்த அந்தப் பாதம் அசையாமல் நின்றது. பொடக்காணிக் கல்லும், உருளும் சொம்பும், வானமும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. முட்டி அந்தரத்தில் நிற்கிற அந்த விநாடி. அவர் வலது பக்கம் தூக்கத்தான் பார்த்தார்.

"ஏனுங்க," என்றாள் துளசிமணி. "நல்ல காலை எடுத்து வச்சு வாங்க."

நாச்சிமுத்து நிமிர்ந்து பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. தட்டு கொஞ்சம்கூட ஆடவில்லை.

"எது அம்மிணி அது?" என்று கேட்டார்.

"பொடக்காணியில விழுந்தீங்களே, அன்னிக்கு உங்களை எந்திரிச்சு நிக்க வச்சுது பாருங்க ஒண்ணு. அது."

வாணி, "எப்பப்பா விழுந்தீங்க?" என்றாள். ஜமால் புதுக் கதவை ரெண்டு தட்டுத் தட்டினான். "போலாம், ரைட்!" நாச்சிமுத்து இடது காலை எடுத்து வைத்தார். புதுக் கால் பின்னாலேயே வந்தது. டைல்ஸ் ஜில்லென்று இருந்தது, ரெண்டு பாதத்திலும்.